நல்லபெருமாள் பேர் நிலைத்த கதை

நகராட்சித் தலைவர் நல்லபெருமாள் பேர் பொறித்த பேருந்து நிழற்குடை காற்றில் பறந்தது. தண்ணீர்த் தொட்டியோ திறந்த அன்றே ஒழுகியது. மனிதர் அசரவில்லை, நகராட்சி பேரில் பெருங்கடன் வாங்கி சோலார் மின்நிலையம் கட்டினார்.

கல்வெட்டு செதுக்கும் சொரிமுத்துவைக் கூப்பிட்டார். “ஏலே, இதுல எது ரொம்ப நாளைக்கு நிக்குமோ, அதுல என் பேரைப் போடு. இந்தத் தடவையும் பேரு அழிஞ்சா உனக்கு இந்த ஊர்ல வேலை கிடையாது.”

“ஆகட்டும்யா.”

திறப்பு விழாவில் அமைச்சர் திரையை விலக்கியதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. கல்லில் இருந்தது: ‘இந்தக் கடன் நல்லபெருமாள் வாங்கியது.’

“என்னலே இது?” தலைவர் பல்லைக் கடித்தார்.

“விசாரிச்சேன்யா. பேனல் பத்திருபது வருசம் தாங்குமாம். கடன்தான் நம்ம பேரன் காலத்துக்கும் நிக்குமாம். அதான் ஐயா பேரை அதுல போட்டுட்டேன்.”