கீழ்நோக்கி வீசும் காற்றாடி

கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்துபோனது. வேதமாணிக்கம் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது நாகர்கோவிலில் ஜெசிந்தா டீச்சரிடம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் படிக்கிறார். டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான். வகுப்பில் அவரைப் போலக் கேள்வி கேட்பவரும் இல்லை, திட்டு வாங்குபவரும் இல்லை.

"என்ன அண்ணாச்சி, வண்டி பிரேக் டவுனா?"

"சிரிக்காதீங்க டீச்சர். மக பெனிலா கல்யாண வீடியோ எடிட் பண்ணிட்டிருக்கா. காலைல கொடுக்கணும். இல்லைன்னா ஸ்டுடியோக்காரன் இனிமே வேலையே தர மாட்டான். இது பாதியில பொசுக்குன்னு நின்னுடுது."

ஒரு சாண்கூட இல்லாத மதர்போர்டு அது. ப்ராசஸரின் சூட்டைத் தணிக்க, கோபுரம் போல உயரமான கூலர் ஒன்றை அவரே தேடி வாங்கி மாட்டியிருந்தார். மெமரியில் இடிக்காமல், பெட்டியின் மூடியிலும் முட்டாமல், மயிரிழையில் உட்கார்ந்திருந்தது.

டீச்சர் திறந்து பார்த்தார். "அழகா மாட்டியிருக்கீங்க."

வேதமாணிக்கத்துக்கு முகம் மலர்ந்தது. "ப்ராசஸர் சூடே ஆகல டீச்சர். இன்ஜின் குளுகுளுன்னு இருக்கு, வண்டி மட்டும் ஏன் நிக்குது?"

டீச்சர் கம்ப்யூட்டரை ஆன் செய்தார். ஒரு வீடியோ வேலையைக் கொடுத்து ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் நின்றது. டீச்சர் வேதமாணிக்கத்தின் விரலைப் பிடித்து, ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன உலோகத் துண்டின் மேல் வைத்தார்.

"ஏ யம்மா!" விரலை உதறினார். "என்ன சனியன் இது?"

"ப்ராசஸருக்குக் கரண்டை அளந்து கொடுக்கிறது இதுதான். உங்க கோபுரம் காத்து எல்லாத்தையும் பின்னால தள்ளுது. இதுமேல ஒரு பொட்டுக்கூடப் படல. இது கொதிச்சா எல்லாம் நின்னுடும்."

"இதுக்கும் தனியா ஒரு காத்தாடி வச்சுடுவோம்."

"எங்க வைப்பீங்க? என் தலையிலயா?"

அவர் பெட்டிக்குள் பார்த்தார். விரல் நுழைய இடமில்லை.

டீச்சர் அலமாரியிலிருந்து தட்டையான கூலர் ஒன்றை எடுத்து வந்தார். அதன் காற்றாடி கீழ்நோக்கி வீசும்.

"இது என்ன டீச்சர், தட்டு இட்லி மாதிரி இருக்கு?"

"மாட்டுங்க."

மாட்டினார். அதே வேலையை ஓடவிட்டார்கள். காற்று போர்டு முழுக்கப் பரவியது. வீடியோ கடைசிவரை ஓடி முடிந்தது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை.

வேதமாணிக்கத்தின் கண் மட்டும் திரையில் தெரிந்த ப்ராசஸர் சூட்டின் மேலேயே இருந்தது.

"முன்னைவிட ஏறியிருக்கே டீச்சர்."

"ஆமா, ஏறும்."

"பிள்ளைக்குன்னு பார்த்துப் பார்த்து வாங்கினது அந்தக் கோபுரம். ப்ராசஸர் ஐஸ் மாதிரி இருந்துச்சு."

டீச்சர் மூடியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"கொஞ்சம் சூட்டை அது தாங்கிக்கும் அண்ணாச்சி. அதுக்குச் சோறு போடுறவனும் மூச்சு விடணும்ல?"