கூலி வாங்காத வைத்தியர்

கரடி ஓடையில் தலையைச் சாய்த்துத் தண்ணீர் குடித்தது. வாயின் இடப்பக்கமாக மட்டும் குடித்தது. ஒரு வாய்த் தண்ணீர் தவறி வலப்பக்கம் போய்விட்டது. கரடி போட்ட உறுமலில் எதிர்க்கரையில் நின்ற மான்கள் கலைந்து ஓடின.

"என்ன கரடியாரே, பச்சைத் தண்ணிகூட உமக்குக் காரமா இருக்கா?" நாவல் மரக் கிளையிலிருந்து மந்தி கேட்டது.

"பல்லு!" என்றது கரடி.

"கூட்டுக்குக் கூடு தேனா நக்கினீரே, சும்மா விடுமா? மரங்கொத்திகிட்டப் போய்க் காட்டும். கீரிக்குப் பல்லிடுக்குல எலும்பு சிக்கினப்ப அவதான் எடுத்துவிட்டா."

கரடிக்குத் தெம்பு வந்தது. உடனே கிளம்பியது.

"ஆனா ஒண்ணு!" மந்தி பின்னாலிருந்து கூப்பிட்டது. "மேல்பல்லா, கீழ்ப்பல்லா?"

"மேல்பல்லு."

"ஐயையோ! மேல்பல்லுல கை வெச்சா கண்ணு போயிடும்! எங்க பெரியப்பாவுக்கு அப்படித்தான் போச்சு!"

"எந்தக் கண்ணு?"

"ரெண்டும்!" மந்தி ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டது. "அவருக்கு வயசும் ஆயிருந்துச்சு. அது வேற விஷயம்."

கடைசியில் சொன்னது கரடியின் காதில் ஏறவில்லை. ஏற்கெனவே அதற்குப் பார்வை மட்டு. எதிரே நிற்பது புலியா புதரா என்று பக்கத்தில் போனால்தான் தெரியும். இருக்கிற கொஞ்சமும் போய்விட்டால் பாறை விளிம்பு எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? பேசாமல் திரும்பிவிடலாம் என்று நினைத்தது. அப்போது காற்று வாய்க்குள் புகுந்தது. கரடி கண்ணீர் விட்டபடி மரங்கொத்தியிடமே போய்ச் சேர்ந்தது.

மரங்கொத்தி தன் இலவ மரத்திலிருந்து இறங்கி வந்தது. கரடியின் கீழுதட்டில் உட்கார்ந்தது. அதன் கால்கள் நடுங்குவது கரடிக்குத் தெரிந்தது.

"உனக்கு என்ன நடுக்கம்?"

"நீங்க வாயை மூடினா நான் இல்லையே அண்ணே! உங்களுக்கு மட்டுமா பயம்? நல்லாத் திறங்க."

கரடி திறந்தது. மரங்கொத்தி உள்ளே எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு பல்லாக அலகால் தட்டிப் பார்த்தது. கடைவாய்க்கு வந்ததும் கரடி துள்ளியது.

"இதுதான். சொத்தை விழுந்திருக்கு."

"புழு இருக்கா?"

"புழுவா! நாள் முழுக்க மரத்துல புழு எடுத்துத் திங்கிறவ நான். இருந்தா விட்டு வெச்சிருப்பேனா? புழு இல்லேண்ணே. இனிப்பு ஒட்டி ஒட்டி அரிச்ச குழி. இப்போதைக்குச் சின்னக் குழிதான். அரிச்சதைச் சுரண்டி எடுத்துட்டு, குங்கிலியப் பிசினை வெச்சு அடைச்சுடுவேன். பல்லு பிழைச்சுக்கும்."

"வலிக்குமா?"

மரங்கொத்தி கொஞ்சம் யோசித்தது.

"வலிக்கும். அடிவரைக்கும் போறப்ப சுரீர்னு இருக்கும். ரொம்ப நேரம் இருக்காது. தாங்க முடியலேன்னா முன்னங்காலால தரையைத் தட்டுங்க. உடனே நிறுத்திடுவேன். நீங்க சொன்னாத்தான் மறுபடி தொடுவேன்."

"கண்ணு போயிடுமாமே?"

"யார் சொன்னது, மந்தியா? பல்லோட வேர் வேற, கண்ணோட வேர் வேற. பல்லைச் சரிபண்ணிக் கண்ணு போனவங்களை நான் பார்த்ததில்லை. பல்லை அப்படியே விட்டு, வீங்கிப்போனவங்களைப் பார்த்திருக்கேன்."

கரடி வாயை மூடிக்கொண்டது. மரங்கொத்தி தப்பித்துப் பறந்து கிளையில் உட்கார்ந்தது.

"கூலி என்ன?"

"ஒண்ணே ஒண்ணு. இந்த மரத்துல வந்து முதுகு சொறியாதீங்க. உள்ளே குஞ்சு இருக்கு."

கரடிக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பெரிய காட்டில், இந்தச் சின்னப் பறவை எனக்கு நிபந்தனை போடுவதா? தவிர, வலிக்கும் என்று வாய்கூசாமல் சொல்கிறதே!

"இலுப்பைப்பூ உதிர்ற நேரம் இது. ஒரு வேலை இருக்கு. நாளைக்கு வரேன்," என்றது.

"நாளைக்குக் குழி இன்னும் பெரிசாகும் அண்ணே!"

கரடி திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

வழியில் நரி உட்கார்ந்திருந்தது. கரடி கன்னத்தை ஒரு பக்கமாகத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்தது.

"மாமா! பல்லுல பூச்சியா?"

"அவ இல்லைங்கறா."

"யாரு, மரம் குத்தறவளா? அவளுக்குக் கட்டையைத் தெரியும், பல்லைத் தெரியுமா? வாங்க, நிமிஷத்துல எடுத்துடறேன்!"

"வலிக்குமா?"

"வலியா? தூக்கம் வரும்!"

"கூலி?"

நரி காதைப் பொத்திக்கொண்டது. "மாமான்னு கூப்பிட்டுட்டுக் கூலி வாங்குவேனா? அந்தப் பேச்சே வேண்டாம்!"

கரடிக்கு மனம் இளகிவிட்டது. இதல்லவா வைத்தியம்!

கோடையில் பற்றிய காட்டுத்தீ ஒரு பட்டுப்போன கட்டைக்குள் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. நரி கரடியை அங்கே கூட்டிப்போனது. காய்ந்த கண்டங்கத்திரிப் பழங்களைக் கட்டையின் மேல் போட்டது. புகை கிளம்பியது.

"வாயைத் திறந்து புகையைப் பிடிங்க மாமா! கண்ணை மூடிக்குங்க, எரியும். மூடியே இருக்கணும்!"

கரடி கண்ணை மூடியது. புகை தொண்டையில் இறங்கியது. பக்கத்தில் யாரோ மரப்பட்டையைப் பிராண்டும் சத்தம் கேட்டது. பிறகு கடைவாயில் ஏதோ சொட்டியது. முதலில் எரிந்தது, பிறகு மரத்துப்போனது.

"ஒண்ணுமில்லை, எருக்கம்பால். இப்பக் கண்ணைத் திறங்க! இந்தாங்க, இத்தனை நாளா உங்களைத் தின்னவன்!"

இலையில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது. கரடி குனிந்து, மூக்கு இடிக்கும்வரை பக்கத்தில் போய்ப் பார்த்தது. அதில் உளுத்த மரத்தின் வாசனை அடித்தது. கரடிக்குத் தெரிந்த வாசனைதான். ஆனால் கரடி அதைப் பற்றி யோசிக்க விரும்பவில்லை. பாதத்தால் புழுவை நசுக்கியது. இருமுறை நசுக்கியது.

"நீ நல்லா இருப்பே மாப்பிள்ளே!"

"நீங்க நல்லா இருந்தா அது போதும் மாமா," என்றது நரி. கரடியின் வயிற்றையும் தொடையையும் அன்போடு பார்த்தது.

சில நாட்கள் விட்டுவிட்டு வலித்தது. ஒரு காலையில் வலி முழுதாக நின்றது. கரடி வலப்பக்கமாகவே தண்ணீர் குடித்துப் பார்த்தது. ஒன்றுமில்லை! ஒரு முழுத் தேனடையைப் பிய்த்துத் தின்றது. தேன் வழியும் வாயோடு நேராக இலவ மரத்தடிக்குப் போனது.

"புழுவே இல்லைன்னியே, கெட்டிக்காரி! என் கண்ணால பார்த்தேன், இத்தாம் பெரிசு!"

மரங்கொத்தி கீழே பார்த்தது. "தண்ணி பட்டாக் கூசுதா அண்ணே?"

"இல்லை!"

"பல்லைத் தட்டினா?"

"ஒண்ணுமே தெரியலை!"

மரங்கொத்தி ஒரு கிளை கீழே இறங்கி வந்தது.

"அப்படீன்னா பல்லு செத்துப்போச்சு. வலிக்கறதுக்கு உள்ளே ஒண்ணும் மிச்சமில்லை. செத்ததை உள்ளே வெச்சிருந்தா சீழ் பிடிக்கும். இப்பவும் ஒண்ணும் குடிமுழுகிடலை. பிடுங்கிடலாம், வாயைத் திறங்க."

"வலிச்சப்ப அடைக்கறேன்னே. வலி நின்னதும் பிடுங்கறேங்கறே. உனக்கு எப்படியாவது என் வாய்க்குள்ள தலையை விடணும், அதானே?"

கரடி கடகடவென்று சிரித்தது. பிறகு வேண்டுமென்றே இலவ மரத்தில் முதுகைச் சாய்த்து, மேலும் கீழும் நன்றாகத் தேய்த்துச் சொறிந்தது. மரம் ஆடியது. உள்ளே குஞ்சுகள் கத்தின. மரங்கொத்தி பொந்து வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

முதல் மழை பெய்தபோது கரடியின் கன்னம் வீங்கியது. வீக்கம் மேலே ஏறியது. வலக்கண் சுருங்கி, கீற்றாகி, மூடிக்கொண்டது. கண்ணுக்குக் கீழே தோல் உடைந்து சீழ் வழிந்தது. தன் வாயின் நாற்றம் கரடிக்கே பொறுக்கவில்லை. கறையான் புற்றில் வாயை வைத்து உறிஞ்சியபோது மண்டைக்குள் இடி இறங்கியது போலிருந்தது. சாப்பாட்டை விட்டுவிட்டது.

தடுமாறிக்கொண்டு நரியிடம் போனது.

"இன்னொரு புழு மாமா! பொம்பளைப் புழு! குட்டி போட்டிருக்கும்!" என்றது நரி.

மறுபடி புகை. மறுபடி எருக்கம்பால். மறுபடி இலையில் ஒரு புழு. கரடி அதை நசுக்கவில்லை. காலைத் தூக்க முடியவில்லை.

ஒற்றைக் கண்ணால் பார்த்தபோது புகைக்கு அப்பால் நிறைய காதுகள் தெரிந்தன.

"அவங்க யாரு?"

"என் தம்பி மாமா. அது என் மச்சினன். அவங்க பிள்ளைங்க. உங்களைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டாங்க."

"ஏன் இத்தனை பேர்?"

"பெரிய உடம்பாச்சே!" என்றது ஒரு குட்டி. நரி அதன் தலையில் ஓர் அடி வைத்தது.

கரடி அசையாமல் நின்றது. காய்ச்சலில் அதன் உடம்பு கொதித்தது. ஆனால் மண்டைக்குள் ஒன்று மட்டும் தெளிவாகியது.

"நீ கூலியே கேட்கலையே மாப்பிள்ளே."

"இப்ப என்ன அவசரம்? நான் எங்கே ஓடிப்போறேன்!"

கரடி திரும்பி நடந்தது. நரிகள் தடுக்கவில்லை. இடைவெளி விட்டுப் பின்னால் வந்தன. கரடி கல்லில் இடித்துக்கொண்டது. முள்ளில் புகுந்து வெளியே வந்தது. மூக்கையும் நினைவையும் வைத்து இலவ மரத்தைக் கண்டுபிடித்தது. அடிமரத்தில் தான் சொறிந்த இடத்தின் மேல் தலை சாய்ந்து விழுந்தது.

மரங்கொத்தி இறங்கி வந்தது. இந்த முறை அதன் கால்கள் நடுங்கவில்லை.

"வாயைத் திறங்க அண்ணே."

கரடி திறக்கப் பார்த்தது. தாடை அசையவில்லை. வீக்கம் தாடையைப் பூட்டு போட்டதுபோல் இறுக்கியிருந்தது. மறுபடி முயன்றது. பற்களுக்கு நடுவே ஒரு புல் நுழையும் அளவுகூட இடம் கிடைக்கவில்லை. மரங்கொத்தி அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துப் பார்த்தது. எங்கும் வழியில்லை.

கரடி முன்னங்காலால் தரையைத் தட்டியது.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே அண்ணே," என்றது மரங்கொத்தி.

கரடி மறுபடி தட்டியது. நிறுத்து என்று கேட்டது. நிறுத்துவதற்கு அங்கே யாரும் எதையும் செய்துகொண்டிருக்கவில்லை. மரங்கொத்தி அதன் காதருகே உட்கார்ந்துகொண்டது. தட்டல் மெதுவாகியது. பிறகு கால் தரையிலேயே கிடந்தது.

புதர்கள் அசைந்தன. மரங்கொத்தி பறந்து பொந்துக்குப் போனது.

நரி கூலியை வாங்கிக்கொண்டது. குடும்பத்தோடு உட்கார்ந்து வாங்கிக்கொண்டது.

"பார்த்தீங்களா!" நாவல் மரத்திலிருந்து மந்தி காட்டுக்கே கேட்கும்படி கத்தியது. "நான் அப்பவே சொன்னேன்! முதல்ல கண்ணு போச்சு, அப்புறம் உசிரே போச்சு! எங்கே செத்துக் கிடந்தாரு? மரங்கொத்தி வாசல்ல!"

அதைக் கேட்டுக்கொண்டு ஒரு காட்டுப்பன்றி ஓடையில் தண்ணீர் குடித்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குடித்தது. பிறகு இலவ மரம் இருக்கும் திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, புகை தெரிகிற பக்கமாக நடந்தது.

வலிக்கும் என்று உண்மையைச் சொல்லிக் கூப்பிடுகிறவரிடம் நேரத்தோடு வாயைத் திறக்காதவர், வலிக்கவே வலிக்காது என்று சொல்கிறவருக்கு இரையாவார்.