குப்பையில் செய்த லைஃப் ஜாக்கெட்

தெய்வநாயகம் மடத்துக்கு வந்தபோது கையில் பழமும் இல்லை, பூவும் இல்லை. பச்சை நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட் இருந்தது. அரசாங்கத்துக்குப் பொருள் வாங்கும் அதிகாரி அவர். வயது ஐம்பத்தேழு. மடத்து அம்மையார் அவரைவிட இளையவர்தான். ஆனாலும் பத்து வருடமாக நாயகம் அவர் முன்னால் கைகட்டித்தான் நிற்பார்.

“அம்மா, தூக்கமே போச்சு.”

“என்ன ஆச்சு?”

“படகுத்துறைகளுக்கு இதுல நானூறு வாங்கணும். இனிமே மறுசுழற்சிப் பொருளாத்தான் வாங்கணும்னு மேல உத்தரவு. இந்தத் துணி, கிழிஞ்ச மீன்வலையையும் தண்ணி பாட்டிலையும் உருக்கி நெய்தது. உள்ள இருக்கிறது செருப்புக் கம்பெனி கழிச்சுப் போட்ட நுரைத் துண்டு. நாளைக்குள்ள நான் கையெழுத்துப் போடணும்.”

“போடுங்க.”

“பயமா இருக்கும்மா. இந்தக் குப்பையை நம்பி மாட்டிக்கிட்டு ஒரு உயிர் தண்ணிக்குள்ள போயிட்டா?”

மூன்று வாரமாக அந்தக் கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். ஆபீஸில் கேலி பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கென்ன? பேனாவை எடுத்தாலே யாரோ வெள்ளத்தில் கையை ஆட்டிக் கூப்பிடுவது இவருக்கல்லவா தெரிகிறது.

“சோதிச்சுப் பார்த்தீங்களா?”

“ஏழு தடவைம்மா. ஒரு நாள் முழுக்க ஊறப் போட்டேன். எண்பது கிலோ ஆளுக்கு மாட்டிக் குளத்துல இறக்கினேன். ஜம்முனு மிதந்துச்சு. அப்படியும் பயம் விடமாட்டேங்குது.”

அம்மையார் எழுந்தார்.

“எனக்கு அக்கரையில ஒரு வேலை. வாங்க, போய்க்கிட்டே பேசலாம்.”

ஐப்பசி மழையில் ஆறு கலங்கிக் கரையைத் தொட்டு ஓடியது. படகில் ஏற்கெனவே ஒன்பது பேர் இருந்தார்கள். பால்காரர் ஒருவர், இரண்டு டீச்சர்கள், குழந்தையை அணைத்தபடி ஒரு பெண், இன்னும் சிலர். எல்லார் உடம்பிலும் அரசு முத்திரை போட்ட ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட். படகோட்டி சூசை இவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். நாயகம் அதை மாட்டிக்கொண்டு பச்சையை மடியில் வைத்துக்கொண்டார்.

படகு நகர்ந்ததும் அம்மையார் தன் ஆரஞ்சு அங்கியைத் தொட்டுக் காட்டினார்.

“இது யார் வாங்கினது?”

“நான்தாம்மா. மூணு வருஷம் ஆச்சு. அத்தனையும் புத்தம் புதுச் சரக்கு.” குரலில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது.

“அப்பவும் பயமா இருந்துச்சா?”

“புதுசுக்கு என்னம்மா பயம்? சர்ட்டிஃபிகேட் இருந்துச்சு. வந்த அன்னிக்கே கையெழுத்துப் போட்டுட்டேன்.”

நடு ஆற்றில் சுழல் படகைப் பிடித்தது. படகு ஒரு பக்கமாகச் சாய, தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

“யாரும் அசையாதீங்க!” என்று சூசை கத்தினார். குழந்தை வீறிட்டது. நாயகம் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஆரஞ்சு அங்கியின் வாரை அவிழ்த்துக் கீழே எறிந்தார். பச்சையில் கைகளை நுழைத்து மூச்சு முட்ட இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

சூசை துடுப்பை வலித்துப் போராடியதில் படகு ஒருவழியாக நிமிர்ந்தது. அக்கரை இன்னும் வெகுதூரத்தில் இருந்தது.

அம்மையார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் மாத்திக்கிட்டீங்க?”

“இதை நான் சோதிச்சிருக்கேன்மா.”

“அதை?”

நாயகம் பால்காரரைப் பார்த்தார். டீச்சர்களைப் பார்த்தார். தாயின் ஆரஞ்சு அங்கியில் முகம் புதைத்திருந்த குழந்தையைப் பார்த்தார். எதிரே அம்மையாரும் ஆரஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, பயமா இருக்கும்மா.”

“நல்ல பயம்தான், நாயகம். மூணு வருஷம் பிந்தி வந்திருக்கு.”