பத்தாவது துணி

"ஏழு… எட்டு… ஒன்பது…" ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குப் பின்னாலிருந்து எண்ணும் குரல் கேட்டது. ஒன்பதோடு நின்றுபோனது.

உள்ளே நர்ஸ் லூர்துமேரி, ரத்தம் ஒற்றிய துணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கொடுத்தது பத்து, திரும்பியது ஒன்பது. மேசையில் ஒரு பஸ் கண்டக்டர், திறந்த வயிற்றோடு மயக்கத்தில் கிடந்தார்.

"சார், ஒண்ணு குறையுது."

பெரிய டாக்டர் வைரவசுந்தரத்துக்குப் பாராட்டு விழாவுக்கு நேரமாகிவிட்டது. "உனக்கு எண்ணத் தெரியலம்மா. பத்துன்னு எழுது. தைக்கணும், ஊசியக் கொடு."

அவர் சொல்லுக்கு மறுசொல் சொன்னவர்கள் மறுநாளே வேறு வார்டுக்குப் போயிருக்கிறார்கள். லூர்துமேரி தலையாட்டினாள்; ஊசியை மட்டும் கொடுக்கவில்லை.

"நீங்க சொன்னா சரிதான் சார், எனக்கு எண்ணத் தெரியல. அப்போ இந்த ஊசிங்களையும் தப்பாத்தானே எண்ணியிருப்பேன்? ஒண்ணு உள்ள தங்கிட்டா உங்க பேருல்ல கெடும்? துணியிலேர்ந்து எல்லாத்தையும் நீங்களே ஒருதடவை எண்ணிடுங்க சார்."

மயக்க மருந்து டாக்டர் முகமூடிக்குள் இருமினார். பெரிய டாக்டர் வீம்புக்கு, எண்ணுவதற்காகத் தாங்கியில் தொங்கவிட்டிருந்த துணிகளைப் பார்த்து உரக்க எண்ணினார். ஒன்பதில் குரல் இறங்கியது. மறுபடி எண்ணினார். அதே ஒன்பதுதான். வயிற்றுக்குள் கைவிட்டுத் துழாவி, ஈரலுக்கு அடியிலிருந்து சிவக்க ஊறிய துணியை உருவினார்.

"பாத்தியா? பத்துன்னு அப்பவே சொன்னேன்ல?"

"சொன்னீங்க சார்."

அவர் ஊசிக்காகக் கையை நீட்டியபடி நின்றார். லூர்துமேரி ஊசித் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, நிதானமாக ஆரம்பித்தாள். "ஒண்ணு… ரெண்டு…"