இருபதுக்கு இருபது

"இந்தக் கையெழுத்தைப் போடட்டுங்களா, வேண்டாங்களா? அதை மட்டும் சொல்லுங்கம்மா, போயிடறேன்."

சிகாமணி வாத்தியார் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பாறைக்குழிக்குள் இறங்கி வந்த வேகத்திலேயே கேட்டுவிட்டார்.

அந்த அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தண்ணி குடிக்கறீங்களா?"

"வேண்டாங்க."

"அப்ப இதைப் பிடிங்க."

ஒரு கட்டு அரைக்கீரை அவர் மடியில் வந்து விழுந்தது.

கல் உடைத்து உடைத்து, இனி உடைக்க ஒன்றுமில்லை என்று கைவிட்ட குவாரி அது. வேலை நின்ற அன்று எல்லோரும் சட்டிபானைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த குவாரிக்குப் போனார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்கப் போனவர்களுக்கு அவள் என்ன சொன்னாளோ, கேட்டவர்கள் மறுபடியும் வந்தார்கள். நாளடைவில் பாறைக்குழி அம்மா என்று பெயராகிவிட்டது.

வயது நாற்பதுகூட இருக்காது. சிகாமணிக்கு ஐம்பது நெருங்குகிறது. ஆனாலும் அவர் வாயில் அம்மா என்றுதான் வரும். ஆறு வருஷமாக, மனசு கனக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை மேலே நிறுத்திவிட்டு இந்தக் குழிக்குள் இறங்கிவிடுவார்.

"என்ன கையெழுத்து?"

"என் கிளாஸ்ல கனிஷ்கான்னு ஒரு புள்ளைங்க. அஞ்சாவது. வாசிப்புப் பரீட்சையில இருபதுக்கு இருபது. வெளியூர்ல ஒரு பெரிய ஸ்கூல்ல எடம் கெடச்சிருக்குது, ஹாஸ்டலோட. 'இந்த மாணவி பிழையில்லாமல் சரளமாக வாசிக்கிறாள்'னு வகுப்பாசிரியர் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். நாளைக்குக் கடைசி நாள்."

"நல்ல சேதிதானுங்களே. இதுக்கா மூஞ்சி இப்பிடி இருக்குது?"

"அவளுக்கு வாசிக்கவே தெரியாதுங்கம்மா."

கீரைக் காம்பு ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு வரிகூடவா?"

"அவ பேரை வாசிப்பா."

அம்மாள் அடுத்த கட்டை எடுத்தாள். சொல்லுங்கள் என்று அர்த்தம்.

அவர் சொன்னார்.

வகுப்புக்கு டேப் என்கிற தொடுதிரைப் பலகை வந்து மூன்று வருஷமாகிறது. பிள்ளைக்கு ஒன்று. காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. திரையில் கதை வரும். எந்த வார்த்தையைத் தொட்டாலும் ஒரு குரல் அதைப் படித்துச் சொல்லும். கடைசியில் ஒரு கேள்வி, நாலு விடை. ஒன்றைத் தொட வேண்டும். சரியாக இருந்தால் நட்சத்திரம்.

வந்த புதிதில் அவருக்கும் சந்தோஷம்தான். இருபத்திரண்டு பிள்ளைகளும் வாய் மூடி உட்கார்ந்திருந்தார்கள். அப்படியொரு அமைதியை அவர் தன் சர்வீஸில் பார்த்ததே இல்லை.

"எனக்கு என்ன வேலைன்னு கேளுங்கம்மா. காலைல சார்ஜர் சொருகணும். சாயந்திரம் சார்ஜர் பிடுங்கணும்."

"சொருகறதும் பிடுங்கறதும் லேசுப்பட்ட வேலையா? சில பேருக்கு அதுவும் வராது."

அவர் சிரிக்கவில்லை.

"முன்னாடியெல்லாம் வாய்விட்டுப் படிக்க வைப்போமுங்க. ஒவ்வொருத்தனா எந்திரிச்சுப் படிக்கணும். தப்புப் பண்ணுனா காதுல விழும். இப்பத் தப்புக்குச் சத்தமே இல்லைங்கம்மா."

"பரீட்சை?"

அதுதான் வினை. மாதத்துக்கு ஒரு தடவை பரீட்சை நாளன்று மட்டும் படித்துச் சொல்கிற குரல் நின்றுவிடும். பிள்ளையே வாசித்துப் பத்து வினாடிக்குள் விடையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்த பள்ளிக்கூடங்களின் பெயர் சரியாக நாலு மணிக்கு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். கீழே யாராவது கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் போடுவார்கள். அந்தப் பொம்மைதான் சிகாமணியின் தூக்கத்தைக் கெடுத்தது.

"அதனால?"

"அதனால பின்னாடி போய் நின்னேனுங்க."

"நின்னு?"

அவர் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சரியான விடை கிட்ட விரல் போறப்பத் தோளைத் தொட்டேன்."

"டேப்பு தொடச் சொல்லுச்சா?"

"இல்லைங்க."

"ஆபீசு?"

"இல்லைங்க. நானாத்தான்."

அம்மாள் ஒரு புழு விழுந்த இலையை எடுத்துத் தூரப் போட்டாள்.

"ஆனாப் போன வருஷமே நிறுத்திட்டேனுங்கம்மா. சத்தியமா. மனசு உறுத்துச்சு. இனி ஒரு புள்ளையையும் தொடறதில்லைன்னு கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். பக்கத்துல நிக்கறதோட சரி. மார்க் குறையும்னு பயந்தேன். குறையவே இல்லைங்க. ஏறுச்சு. அப்பாடா, புள்ளைக கத்துக்கிட்டாங்கன்னு நெனச்சேன். கோயிலுக்கெல்லாம் போய்ட்டு வந்தேன்."

"அப்பறம்?"

"போன வாரம் ரெண்டு நாள் கரெண்ட் இல்லை. டேப்பெல்லாம் செத்துப் போச்சு. பழைய புஸ்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, படி கண்ணுன்னு கனிஷ்கா கையில குடுத்தேன்."

அவர் மடியிலிருந்த கீரையின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"அவ மொத வார்த்தை மேல விரலை வெச்சு அமுக்குனா. காத்துக்கிட்டு இருந்தா. இன்னும் கொஞ்சம் பலமா அமுக்குனா. அப்பறம் என்னை நிமிந்து பாத்து, 'சார், இதுவும் சார்ஜ் இல்லைங்க சார்'ங்கறா."

பாறை இடுக்கிலிருந்து ஒரு மைனா பறந்து போனது.

"இதுதாங்கம்மா எனக்குப் புரியல. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் தொடவும் இல்லை. அந்த இருபது எங்கிருந்து வந்துச்சு?"

அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பலகை கையில இருக்குதுங்களா?"

"பையில இருக்குதுங்க."

"எடுங்க. நான் எழுதறேன் பரீட்சை."

"நீங்களா?"

"ஏன், எனக்கு நட்சத்திரம் வந்தா உங்க வாட்ஸ்அப்புக்காரங்க வேண்டாம்பாங்களா? எடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார். பரீட்சையை ஓட விட்டார். எறும்புப் புற்றைப் பற்றி ஒரு கதை வந்தது, கீழே ஒவ்வொன்றாக இருபது கேள்வி.

"பக்கத்துல உக்காருங்க. எப்பிடிப் புள்ளைககிட்ட நிப்பீங்களோ அப்பிடி. தொடக்கூடாது. வாயைத் தொறக்கக்கூடாது."

"சரிங்க."

அம்மாளின் விரல் நாலு விடைகளின்மேல் மெதுவாக நகர்ந்தது. முதல் வரி. இரண்டாவது. மூன்றாவது. அங்கே நின்றது. தொட்டது.

சபாஷ் என்றது டேப், குழந்தைகளுக்குப் பிடிக்கிற மாதிரி.

அடுத்தது. சபாஷ். அதற்கடுத்தது. சபாஷ்.

பத்து கேள்விக்கு மேல் சிகாமணிக்கே ஆர்வம் வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார். இருபதாவது சபாஷுக்குத் திரை முழுக்கப் பச்சை நட்சத்திரம் வெடித்தது.

இருபதுக்கு இருபது.

அவரையும் மீறி முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை துக்கத்திலும் பச்சையைப் பார்த்தால் மலர்கிற முகமாக அது ஆகியிருந்தது.

"ரொம்ப அருமையா வாசிச்சீங்கம்மா."

"எதைப் பத்தி இருந்துச்சு?"

"எதுங்க?"

"அந்தக் கதை. எதைப் பத்தி?"

அவர் சிரித்தார். "இப்பத்தானுங்களே நீங்களே வாசிச்சு…"

"நீங்கதான் சொல்லோணும். எனக்கு எழுத்துத் தெரியாது."

அவர் விளையாட்டென்று நினைத்தார். அம்மாளின் முகத்தில் விளையாட்டு இல்லை.

"ஏழு வயசுல இந்தக் குழிக்குள்ள சுத்தியலோட எறங்குனவ நானு. பள்ளிக்கூடத்தை மேல போற வண்டியில இருந்து பாத்ததோட சரி. ஆறு வருசமா வர்றீங்க, நீங்களும் கேக்கல, நானும் சொல்லல."

"அப்ப எப்பிடிங்கம்மா…"

"சரியான வரிக்கு விரல் வந்தா உங்க மூச்சு நின்னு போவுது. தாண்டிப் போனாத் தொண்டை ஏறி எறங்குது. ரெண்டே கேள்வியில புடிபட்டுப் போச்சு. அதுக்கப்பறம் நான் பலகையைப் படிக்கல, வாத்தியாரே. உங்களைத்தான்."

இருபத்திரண்டு பிள்ளைகள். மாதம் ஒரு பரீட்சை. ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் அவர் போய் நின்றதும், அவர்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்ததும் அவர் கண்முன்னால் வந்தன. மரியாதைக்கு நிமிர்கிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தார்.

"நல்ல புள்ளைக. கத்துக்கவே இல்லைன்னு யார் சொன்னது?" என்றாள் அம்மாள்.

அது சாட்டை மாதிரி விழுந்தது.

அவர் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார். "அந்த ஸ்கூலுக்குப் போனாலாவது கத்துக்குவாளுங்களா? அங்க நல்ல டீச்சருங்க இருப்பாங்க."

"இருப்பாங்க. உங்க மூஞ்சி இருக்காதே."

"அப்பக் கையெழுத்துப் போட வேண்டாமா?"

"போடலைன்னா?"

"எடம் போயிரும். அவங்கம்மா ஒடஞ்சு போயிரும். எப்பிடி இருபது வாங்குனான்னு என்னையும் கேப்பாங்க. என்னைக் கேக்கட்டும், அது போவட்டும். அந்தப் புள்ளையைப் பொய்க்காரின்னு சொல்லுவாங்களேம்மா."

"போட்டா?"

"மொத நாளே எந்திரிச்சுப் படின்னு சொல்லுவாங்க."

அம்மாள் ஆய்ந்த கீரையை ஒன்றாகக் குவித்தாள்.

"அவ என்ன சொல்றா?"

"யாரு?"

"போகப் போறவ."

"கேக்கலைங்க."

"எத்தனை வருசமாக் கேள்வி கேக்கற உத்தியோகம்?"

"இருபத்தாறுங்க."

"பதில் உங்களுக்கே தெரியாத கேள்வி ஒண்ணாவது கேட்டிருக்கீங்களா?"

ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு அம்மாள் எழுந்து போய்விட்டாள்.

மில் தொழிலாளிகளின் லைன் வீடுகள் குவாரியிலிருந்து ஒரு மைல். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

கனிஷ்காவின் அம்மா பூங்கொடி வாசலுக்கே ஓடி வந்தாள். பஞ்சுத் தூசி தலைமுடியில் அப்படியே இருந்தது.

"வாங்க சார், வாங்க! ஏ கனி, சாருக்குச் சேர் போடு. எல்லாம் உங்க புண்ணியமுங்க சார். மில்லுல சூப்பர்வைசரே கூப்பிட்டுக் கேட்டாருங்க, உம்புள்ளையாமான்னு. எங்க வம்சத்துல யாரும் பேப்பரை நேராப் பிடிச்சதில்லை. இவ இருபதுக்கு இருபது!"

"ஆமாம்மா," என்றார் சிகாமணி.

"டீ வெக்கறேனுங்க."

"வெய்யிம்மா. நான் பாப்பாகூட ஒரு வார்த்தை பேசிட்டு வந்தர்றேன்."

வரிசை வீடுகளின் கடைசியில் தண்ணீர்த் தொட்டி. அதன் சுவரோரம் கூட்டிப் போனார். சுவருக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இடமில்லாத நிழல்.

கனிஷ்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பயப்படாத கண்ணு. இது பரீட்சை இல்லை."

"சரிங்க சார்."

"உனக்கு அந்த ஸ்கூலுக்குப் போகோணுமா? இல்லை, இங்கயே இருந்து, சார்கிட்ட மறுபடியும் முதல்ல இருந்து, அ ஆவுல இருந்து படிக்கறியா? சார் சத்தியமாச் சொல்லித் தர்றேன். எது வேணும் உனக்கு?"

கனிஷ்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவர் முதல்முறையாக அந்தக் கண்களைப் பார்த்தார். அவை ஓரிடத்தில் நிற்கவில்லை. நெற்றியில் தொடங்கி இடமிருந்து வலமாகப் போயின. பிறகு புருவம். பிறகு கண். பிறகு உதடு. ஒன்றையும் விடாமல், வரி வரியாக, பிழையில்லாமல், சரளமாக.

"இங்கயே…" என்று ஆரம்பித்தாள். அவர் முகத்தில் எதையோ கண்டு நிறுத்தினாள். "இல்லைங்க சார், அங்க… போறேனுங்க சார்?"

"என்னைப் பாக்காம சொல்லு கண்ணு."

கனிஷ்கா குனிந்தாள். ஒரு நொடிதான். மறுபடி நிமிர்ந்துவிட்டாள்.

சிகாமணி திரும்பிக்கொண்டார். தொட்டிச் சுவரைப் பார்த்து நின்றார். மூச்சைச் சீராக விட்டார். தொண்டையை அசையவிடாமல் வைத்துக்கொண்டார்.

"இப்பச் சொல்லு. உம் மனசுக்கு என்ன தோணுதோ அது. எதைச் சொன்னாலும் சரி."

பத்து வினாடி போனது. இன்னொரு பத்து. வீட்டுக்குள் டீக்குச் சர்க்கரை கலக்குகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை. சொல்லு தாயே, ஒரு வார்த்தை, தப்பாகவே இருக்கட்டும், உன்னுடையதாக ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பின்னால் காலடிச் சத்தம். ஓடிவிட்டாள் என்று நினைத்தார்.

ஓடவில்லை. அவரைச் சுற்றி வந்து, சுவருக்கும் அவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் பக்கவாட்டாக உடம்பை நுழைத்து, சுண்ணாம்பு சட்டையில் அப்ப, மெல்ல மெல்ல முன்னால் வந்து நின்றாள்.

"கொஞ்சம் குனியுங்க சார்," என்றாள். "மூஞ்சி தெரியல."