ஐந்து குழி மண்

தோல் ஆலை மூடிப் பல காலம் ஆகியும் அந்த நிலத்தில் காகம்கூட இறங்குவதில்லை என்று ஊரில் சொல்வார்கள். சபியா அதை நம்பவில்லை. மறுக்கவும் இல்லை. மண்ணைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பார்.

ஆலைகள் விட்டுப்போன நிலங்களில் மண்ணைச் சோதிப்பது அவர் வேலை. குணபாலன் அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர். கல்லூரியில் வேதியியல் நடத்தி, அலுத்து, விட்டுவிட்டு வந்திருந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் சபியா சொல்லாமல் குணபாலன் நாற்காலியில் உட்காரமாட்டார்.

அந்த நிலத்தை ஆற்றோரக் குடிசைக்காரர்களுக்கு மனைகளாகப் பிரித்துக் கொடுக்க ஏற்பாடு. சீட்டுக் குலுக்கி, எது யாருக்கு என்பதும் முடிவாகிவிட்டது. மண் நல்லது என்று சபியா கையெழுத்துப் போட்டால் மழைக்கு முன்னால் அவர்கள் மேடேறிவிடலாம். போன மழையில் ஆறு குடிசைகளுக்குள் புகுந்து, படுத்திருந்த ஒருவரைக் கொண்டுபோயிருந்தது.

குணபாலன் முதல் வரிசையின் ஐந்து மனைகளிலும் குழி போட்டார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே கரண்டியால் ஒரே அளவு மண் எடுத்தார். கல் பொறுக்கி, தட்டில் கொட்டி, ஒன்றாகக் கலந்து, அதில் ஒரு பொட்டலத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். ஐந்து சோதனைக்கு ஒரு சோதனை போதும். விதியே அதற்கு இடம் கொடுக்கிறது.

முடிவு வந்தது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம், அனுமதித்த எல்லைக்குக் கீழேதான் இருந்தது.

குணபாலன் அறிக்கையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பேனாவின் மூடியையும் திறந்து பக்கத்தில் வைத்தார். அவர் முகத்தில் அன்று ஒரு வெளிச்சம் இருந்தது.

சபியா படித்தார். பேனாவைத் தொடவில்லை.

“கலந்தது போக மிச்ச மண் இருக்கா?”

“இருக்கு மேடம். குழிவாரியா தனித்தனியா வெச்சிருக்கேன்.”

“எடுத்துக்கிட்டு வாங்க. போயிட்டு வருவோம்.”

நிலத்தில் சுண்ணாம்புக் கோடுகள் போட்டிருந்தார்கள். நான்காவது மனையில் பூங்காவனம் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. மனை கிடைத்த நாளிலிருந்து தினமும் வந்து பெருக்குகிறாள் என்றார்கள். அடுப்பு வரும் இடத்தில் மூன்று செங்கல் வைத்திருந்தாள். மூலையில் ஒரு முருங்கைக் கொம்பு நட்டிருந்தாள்.

“இன்னா மேடம், மண்ணுக்கு ஜாதகம் பாத்தாச்சா? எங்களோட பொருந்துதா?”

இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சபியா சொன்னார். பொருந்தாவிட்டாலும் கல்யாணத்தை நிறுத்த முடியாது, ஆறு காத்திருக்காது என்று பூங்காவனம் சிரித்தாள். கொம்புக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று குழந்தையைக் குணபாலனிடம் நீட்டினாள்.

“கொஞ்சம் பிடி சார். மண்ணு துன்னும், வாயைப் பாத்துக்கோ. போன வாரம் தொறந்து பாத்தேன். உலகமெல்லாம் ஒண்ணும் தெரியல. ரெண்டு கல்லுதான் இருந்துது.”

அவள் குடத்தோடு சாலைப் பக்கம் நடந்தாள்.

அந்தந்த மண்ணை அந்தந்தக் குழியருகே கொட்டச் சொன்னார் சபியா. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் குணபாலன் கொட்டினார். முதல் மூன்றும் செம்மண். பூங்காவனத்தின் மனையில் கொட்டியது, நின்ற குளத்துப் பாசியின் நிறம். ஐந்தாவது மறுபடியும் செம்மண்.

இருவரும் நான்காவது மனைக்குத் திரும்பி வந்தார்கள்.

“தோண்டும்போதே இந்தப் பச்சையைப் பாத்தீங்களா? குரோமியம் தேங்கின நிறம்.”

“பாத்தேன் மேடம். அதுக்காக இதுல கூடவும் எடுக்கல, குறைக்கவும் இல்ல. ஐஞ்சுக்கும் ஒரே அளவுதான்.”

“நியாயமாத்தான் எடுத்திருக்கீங்க.”

குழந்தை நெளிந்தது. குணபாலன் அதைக் கீழே இறக்கிவிட்டார். பிறகு, வழியெல்லாம் மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

“சராசரி எல்லைக்குள்ள இருக்கு. விதியும் ஒத்துக்குது. தனித்தனியா அனுப்பினா முடிவு வர்றதுக்குள்ள மழை வந்துடும். இவங்க இன்னொரு மழையை ஆத்தங்கரையில பாக்கணுமா? நான் எழுதினதுல எந்த எழுத்து பொய், மேடம்?”

சபியா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது தவழ்ந்து குழியருகே போனது. பாசி நிற மண்ணில் உள்ளங்கையை வைத்து அழுத்தியது. ஒரு பிடி அள்ளி வாய்க்குக் கொண்டுபோனது.

குணபாலன் பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தார். குழந்தை வீறிட்டது. மூடிய கையை விரல் விரலாகப் பிரித்து, மண்ணைத் தட்டி, தன் சட்டையில் துடைத்தார். விரலிடுக்கில் இருந்தது போகவில்லை. மறுபடி துடைத்தார்.

“ஏன் பிடிச்சீங்க?” என்றார் சபியா. குரல் மிகத் தாழ்வாக இருந்தது. “மத்த நாலு வீட்டுலயும் போய் ஒவ்வொரு வாய் தின்னுட்டு வந்தா, சராசரி சரியாப் போயிடுமே.”

பூங்காவனம் நிறைகுடத்தோடு வந்துகொண்டிருந்தாள். பொருத்தம் என்ன ஆச்சு என்று தொலைவிலிருந்தே கேட்டாள்.

குணபாலன் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அவள் வந்து கை நீட்டிய பிறகும் கீழே இறக்கவில்லை.