நல்லசிவம் போட்ட பாதை

"போட்ட கல்லையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு நான் ஊருக்கே போகிறேன் அம்மா," என்றார் நல்லசிவம்.

பாவம், மடத்தில் தொண்டு செய்யும் மனுஷனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அடிவாரத்துச் சந்தையிலிருந்து மலைமேல் மடத்துக்குத் தனியாளாகக் குறுக்குப் பாதை போட்டிருந்தார். பழைய பாதையில் பாதி தூரம்தான். நடுவழியில் பானை நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு தினமும் காத்திருந்தார்.

ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

மடத்துத் தலைவியான அம்மை அவரைவிட வயதில் சின்னவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"பழைய பாதையில் ஒருநாள் நின்று பாருங்களேன்."

போய் நின்றார்.

விறகு சுமந்து வந்த பேச்சி, சுமைதாங்கிக் கல்லில் கட்டை இறக்கினாள்.

"என் பாதையில வந்தா பாதி தூரம்தானே தாயி?"

"வரலாம். சுமைய எங்க இறக்குறது? உங்க தலையிலயா?"

கண் தெரியாத மாடசாமி வேலியைத் தடவிக்கொண்டே வந்தார். "உங்க பாதையில வேலி இருக்கா சாமி?" என்றவர் பதிலுக்கு நிற்கவில்லை.

கடைசியாகச் செல்லக்கனி வந்தாள். வெறுங்கை, நல்ல கண்.

"நீயாவது வரலாமில்ல?"

"வீட்டுல பேச ஆளில்ல சாமி. இந்த வழியில நாலு வாசல் இருக்கு. யாராச்சும் சாப்பிட்டியான்னு கேப்பாங்க. அங்க யாரு கேப்பா?"

நான் கேட்பேனே என்று வாய்வரை வந்தது. அவரையும்தான் அங்கே யாரும் கேட்டதில்லை.

மடத்துக்குத் திரும்பினார்.

"யாருக்கும் வேண்டாத பாதை அம்மா. பிடுங்கிவிடுகிறேன்."

"இருக்கட்டும்."

"யாருக்காக?"

அம்மை கீரையை அலசப் போய்விட்டார்.

மறுநாள் காலை அம்மையின் ஊரிலிருந்து ஆள் வந்தது. அவருடைய தங்கை இறந்துவிட்டாளாம். துறவிக்கு ஏது தங்கை? மடமே அவர் முகத்தைப் பார்த்தது.

"சரி," என்றார் அம்மை. மத்தியானம் பந்தியில் எல்லோருக்கும் அவரே சோறு போட்டார்.

சாயங்காலம் நல்லசிவம் கடப்பாரையோடு கிளம்பினார். யார் சொல்லியும் கேட்கிற மனநிலையில் இல்லை. பானைக்குப் பக்கத்துக் கல்லில் குத்தப் போனபோது மேலே அழுகைச் சத்தம் கேட்டது.

அம்மை இறங்கி வந்துகொண்டிருந்தார். தனியாக. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதுகொண்டு.

அந்தப் பாதைக்கு வந்த முதல் ஆள்.

ஓடிப்போய்த் தண்ணீர் கொடுக்கக் கை பரபரத்தது. இத்தனை நாளும் அதற்குத்தானே காத்துக் கிடந்தார்!

நல்லசிவம் பானையின் மூடியைத் திறந்துவைத்தார். குவளையைக் கைக்கு எட்டும்படி வைத்தார். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு, சத்தமே காட்டாமல், பழைய பாதையில் சுற்றிக்கொண்டு மடத்துக்குப் போனார்.